நடக்காத பாதையில் எழுதிய கணக்கு

"சார், வெப்பமே உள்ளே போகலைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. சைபரை எதால வகுத்தாலும் சைபர்தானே? அப்புறம் என்ட்ரோபி எங்கிருந்து கூடுது?" வெப்ப இயக்கவியல் வகுப்பில் கட்டற்ற விரிவு வரும் நாளில் யாராவது ஒருவர் இதைக் கேட்டே தீருவார். கேட்காத வகுப்பு அமைந்தால்தான் எனக்குக் கவலை. கணக்கு எளிமையானதுதான். வெப்பம் கடத்தாத ஒரு பெட்டி, நடுவில் தடுப்பு, ஒரு பக்கம் 1 மோல் நல்லியல்பு வாயு (மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்காத வாயு), மறுபக்கம் வெற்றிடம். தடுப்பை எடுத்தால் வாயு பாய்ந்து முழுப் பெட்டியையும் நிரப்பிக்கொள்கிறது. வெப்பம் வரவில்லை, போகவில்லை. வெற்றிடத்தைத் தள்ள வேலையும் தேவையில்லை. உள்ளாற்றல் அப்படியே, வெப்பநிலையும் அப்படியே. என்ட்ரோபி மாற்றத்துக்காகப் பலகையில் மேலே எழுதியிருக்கும் சூத்திரமோ "வெப்பத்தை வெப்பநிலையால் வகு" என்கிறது. விடை பூஜ்யம் என்று எழுதத்தான் எவருக்கும் கை போகும். புத்தகத்தின் பின்பக்க விடை மட்டும் கெல்வினுக்கு 5.76 ஜூல் என்கிறது.

இதற்கு வழக்கமான பதில் ஒன்று இருக்கிறது, எல்லா ஆசிரியர்களும் சொல்வது. என்ட்ரோபி ஒரு நிலைச் சார்பு. தொடக்க நிலையும் இறுதி நிலையும் மட்டும்தான் முக்கியம். ஆகவே அந்த இரண்டு நிலைகளையும் இணைக்கும் ஏதாவதொரு மீள் பாதையை, அதாவது எந்த நொடியிலும் திருப்பிவிடக்கூடிய அளவு மெதுவாக, சமநிலையை ஒட்டியே நகரும் பாதையை, கற்பனை செய்து, அதன் வழியே கணக்குப் போடு. பதிலில் பிழையே கிடையாது. மாணவர்கள் தலையாட்டிவிட்டு எழுதிக்கொள்வார்கள், தேர்வில் மதிப்பெண்ணும் வந்துவிடும். ஒரு முறை ஒரு மாணவி மட்டும் விடவில்லை. "சரி சார், ஆனா வாயு அந்தப் பாதையில போகவே இல்லையே. நடக்காத ஒண்ணை வச்சு நடந்ததுக்குக் கணக்கு எழுதலாமா?" மணி அடித்துவிட்டது, வகுப்பு கலைந்தது. அவள் அதற்கப்புறம் அதை மறந்தும் போயிருக்கலாம். எனக்குத்தான் அது ஒட்டிக்கொண்டது. ஏனென்றால், "நிலைச் சார்பு" என்ற சொல்லை நாங்கள் பெரும்பாலும் ஒரு மந்திரம் மாதிரிதான் பயன்படுத்துகிறோம். கேள்வியை அது அடக்குகிறது. கேட்டவருக்குத் தெளிவு வந்ததா என்பது வேறு விஷயம்.

மந்திரத்துக்குத் துணையாக ஓர் உவமையும் வைத்திருக்கிறோம்: மலை உச்சி. எந்தப் பாதையில் ஏறினாலும் உச்சியின் உயரம் ஒன்றுதான் அல்லவா, என்ட்ரோபியும் அப்படித்தான் என்போம். கேட்க நன்றாக இருக்கிறது, பாதிதான் பொருந்துகிறது. மலையின் உயரத்தை எந்தப் பாதையில் நடந்தாலும் கையிலிருக்கும் கருவி காட்டிவிடும். விழுந்து புரண்டு ஏறினாலும் காட்டும். என்ட்ரோபிக்கு அப்படி ஒரு கருவி இல்லை. வெப்பநிலைமானி உண்டு, அழுத்தமானி உண்டு, என்ட்ரோபியை நேரடியாகப் படித்துச் சொல்லும் மானி கிடையாது. நம்மிடம் இருப்பது ஒரே ஓர் அளவுகோல்: சிறிது சிறிதாக வெப்பத்தைக் கொடுத்து, அந்தந்தத் தருணத்தின் வெப்பநிலையால் வகுத்துக் கூட்டிக்கொண்டே போவது. அந்த அளவுகோல் எல்லாப் பாதையிலும் வேலை செய்யாது. மீள் பாதையில் மட்டும்தான் செய்யும். உவமை விட்டுவிடுகிற பாதி இதுதான், மாணவி கேட்டதும் இந்தப் பாதியைத்தான்.

நிஜப் பாதையில் அளவுகோல் ஏன் உடைகிறது என்பதற்கு இயற்பியலாளர் ஜூல் 1845-ல் செய்த சோதனையே சாட்சி. இரண்டு செம்புக் கலங்கள். ஒன்றில் சுமார் 22 வளிமண்டல அழுத்தத்தில் காற்று, மற்றது வெற்றிடம், நடுவே ஒரு குழாய். இரண்டையும் ஒரே தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குழாயைத் திறந்தார். தண்ணீரின் வெப்பநிலை மாறவில்லை. பாடப்புத்தகம் இங்கேயே நின்றுவிடும். ஆனால் ஜூல் அடுத்ததாக ஒரு காரியம் செய்தார், எனக்கு அதுதான் பிடித்தது. கலங்களைத் தனித்தனித் தொட்டிகளில் வைத்துத் திறந்து பார்த்தார். காற்று வெளியேறிய கலத்தின் தண்ணீர் குளிர்ந்தது, காற்று நுழைந்த கலத்தின் தண்ணீர் சூடேறியது. ஒன்று இழந்ததும் மற்றது பெற்றதும் ஏறக்குறையச் சமம், அதனால்தான் ஒரே தொட்டியில் எதுவுமே நடக்காத மாதிரி தெரிந்தது. ஆக, பாய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் "வாயுவின் வெப்பநிலை என்ன?" என்று கேட்டால் ஒற்றை விடை கிடையாது. அங்கே ஒன்று, இங்கே ஒன்று, நடுவில் சுழல். வகுக்க வேண்டிய எண்ணே இல்லாத இடத்தில் வகுத்தல் எப்படி நடக்கும்? பூஜ்யம் என்று வந்த விடையில் சிக்கல் மேலே இருக்கிற பூஜ்யத்தில் இல்லை, கீழே இருக்க வேண்டிய வெப்பநிலையில் இருக்கிறது.

அதே வாயுவை மெதுவாக விடுவோம். ஒரு பிஸ்டன், வெளியே நிலையான வெப்பநிலையில் ஒரு பெரிய தொட்டி, பிஸ்டனின் மேலுள்ள பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போகிறோம். கனஅளவு இரட்டிப்பாகும்போது வாயு வெளியே செய்யும் வேலை, 25 டிகிரி செல்சியஸில், சுமார் 1718 ஜூல். அவ்வளவு வெப்பத்தையும் தொட்டியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 298.15-ஆல் வகுத்தால் 5.76. வாயு மாறிலியான 8.314-ஐ 2-இன் இயல் மடக்கையால் பெருக்கினாலும் அதுவே வரும். இந்தப் பாதையில் தொட்டி 5.76-ஐ இழக்கிறது, மொத்தத்தில் பூஜ்யம். கட்டற்ற விரிவில் வாயுவுக்கு அதே 5.76, ஆனால் சூழலுக்கு எதுவுமில்லை, மொத்தமும் 5.76. அந்த 5.76-ஐ வெப்பநிலையால் பெருக்கினால் மறுபடி 1718 வருகிறது: வாங்கியிருக்கக்கூடிய வேலை, வாங்காமல் விட்டோம். கணக்கு அழகுதான். மாணவியின் கேள்விக்கு மட்டும் இது இன்னும் பதிலாகவில்லை. மெதுவான பாதை என்பது அவள் பார்வையில் இப்போதும் கதைதான்.

20-லிருந்து 80 வரை

கட்டற்ற விரிவை வைத்துக்கொண்டு இதை விளக்க முயல்வதே தப்பான இடத்தில் தொடங்குவது என்று பிறகுதான் தோன்றியது. நிஜப் பாதைக்கும் மீள் பாதைக்கும் நடுவில் அங்கே படிகள் எதுவும் கண்ணில் படாது. ஒரு பக்கம் வெடித்துப் பாய்தல், மறுபக்கம் எறும்பு வேகம். படிகள் தெரிகிற ஒரு கணக்கு வேண்டும். அது ரொம்பச் சாதாரணமானது: 1 கிலோ தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்குவது. தண்ணீரின் தன்வெப்பத்தை, அதாவது 1 கிலோவை 1 டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பத்தை, 4186 ஜூல் என்று மாறாமல் வைத்துக்கொள்வோம். தண்ணீரின் என்ட்ரோபி உயர்வு, 4186-ஐ, கெல்வினில் எழுதிய 353.15-க்கும் 293.15-க்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையால் பெருக்கியது: கெல்வினுக்கு 779.5 ஜூல். இதை ஒரு காகிதத்தின் இடப்பக்கம் எழுதி, சுற்றி ஒரு கோடும் போட்டுவிடலாம். இனி இது மாறாது.

வலப்பக்கம் சூழலுக்கு. முதலில் முரட்டு வழி: 80 டிகிரியில் இருக்கும் ஒரு பெரிய வெப்ப மூலத்தில் தண்ணீரை நேராக வைத்துவிடுகிறோம். மூலம் கொடுத்தது 251160 ஜூல், அதன் வெப்பநிலை 353.15, இழப்பு 711.2. கூட்டினால் உலகத்தில் புதிதாகப் பிறந்த என்ட்ரோபி 68.3. சரி, இப்போது நடுவில் 50 டிகிரியில் ஒரு மூலத்தைச் சேர்ப்போம். தண்ணீர் முதலில் அங்கே 50 வரை ஏறிவிட்டு, அப்புறம் 80-க்குப் போகிறது. முதல் மூலம் இழப்பது 388.6, இரண்டாவது 355.6, மொத்தம் 744.2. பிறந்தது 35.3. நான்கு படிகளாக, அதாவது 35, 50, 65, 80 என்று வைத்தால் 17.9. எட்டுப் படி என்றால் 9 சொச்சம். ஒவ்வொரு முறை படியை இரட்டிப்பாக்கும்போதும் பிறப்பது ஏறத்தாழப் பாதியாகிறது. ஒரு படியில் கைமாறும் வெப்பமும் பாதி, தாண்டும் இடைவெளியும் பாதி என்பதால் படிக்கு உண்டாகும் நஷ்டம் கால்வாசி, படிகளின் எண்ணிக்கை இரட்டிப்பு, மொத்தத்தில் பாதி.

இந்த எண்களைக் கையால் போட்டுப் பார்ப்பதில் ஒரு பலன் இருக்கிறது. கால்குலேட்டர் போதும், ஆனால் ஒவ்வொன்றாக. இரண்டு படிக் கணக்கில் இரண்டு படிகளும் 30 டிகிரி இடைவெளிதான், ஆனால் முதல் படியில் பிறந்தது 19.2, இரண்டாவதில் 16.0. இடைவெளி அதே, கீழ் வெப்பநிலையில் அதற்கு விலை கூடுதல். வகுத்தல் எதற்காக இருக்கிறது என்பது இங்கேதான் உறைக்கும். இன்னொன்று, கோடு போட்டு வைத்த 779.5 எல்லா வரிகளிலும் அசையாமல் நிற்கிறது. மாறுவதெல்லாம் வலப்பக்கம். தண்ணீருக்கு அது எப்படிச் சூடாயிற்று என்ற நினைவே இல்லை. அந்த நினைவு முழுக்கச் சூழலில் பதிந்திருக்கிறது. படிகளைக் கூட்டிக்கொண்டே போனால் வலப்பக்கத்து எண் 779.5-ஐ நோக்கி நகர்கிறது, ஒருபோதும் அதைத் தாண்டுவதில்லை. "மீள் பாதை" என்று நாம் சொல்வது இந்த வரிசையின் எல்லைதான். யாரும் அந்த எல்லையில் போய் நிற்க முடியாது. ஆனால் அது போகாத ஊருக்குச் சொன்ன வழியும் இல்லை. வழியில் எட்டாவது படி இருக்கிறது, ஆயிரமாவது படியும் இருக்கிறது.

இந்த இடத்தில் கூர்மையான மாணவர் ஒருவர் குறுக்கிடுவார், குறுக்கிட வேண்டும். "தண்ணீருக்கு நிஜ வெப்பத்தை நேராக வகுக்கக் கூடாதுன்னு சொல்றீங்க, வெப்ப மூலத்துக்கு மட்டும் வகுக்கிறீங்களே?" நியாயமான கேள்வி. மூலம் பெரியது, வெப்பம் எடுத்தாலும் அதன் வெப்பநிலை அசையாது, உள்ளே எந்தக் கலவரமும் இல்லை. 80 டிகிரியில் அதிலிருந்து 251160 ஜூல் வெளியேறியது, அவ்வளவுதான் அதன் கதை. அதை வாங்கிக்கொண்டது 20 டிகிரித் தண்ணீரா, 79.9 டிகிரித் தண்ணீரா என்பது மூலத்துக்குத் தெரியாது. அதற்கு நிஜப் பாதையே மீள் பாதையாகவும் அமைந்துவிடுகிறது. மீளாமை முழுவதும் நடுவில், 80-க்கும் 20-க்கும் இடையிலான அந்தச் சரிவில் நடக்கிறது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான், மூலம் அதைச் சிரமமில்லாமல் நிறைவேற்றிவிடுகிறது.

அந்தப் பூஜ்யம்

என்னை உண்மையில் நிறுத்தி வைத்தது இன்னொரு கணக்கு. மிகைக் குளிர்ந்த நீர். தூய்மையான தண்ணீரைப் பக்குவமாகக் குளிர்வித்தால் −10 டிகிரியிலும் திரவமாகவே இருக்கும். லேசாக ஓர் அதிர்ச்சி கொடுத்தால் உறைந்துவிடும். −10 டிகிரியிலேயே இருக்கும் ஒரு பெரிய தொட்டிக்குள் 1 மோல், அதாவது 18 கிராம், அப்படி உறைகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிவரும் வெப்பம் 5634 ஜூல். விடைத்தாள்களில் இந்தக் கணக்கைத் திருத்தும்போது ஒரே மாதிரியான தவறு திரும்பத் திரும்ப வரும்: 5634-ஐ 263.15-ஆல் வகுத்து, நீரின் என்ட்ரோபி 21.41 குறைந்தது என்று எழுதிவிடுவார்கள். தொட்டிக்கு 21.41 கூடியது. மொத்தம் பூஜ்யம். சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போவது வழக்கம். ஒரு நாள் அந்தப் பூஜ்யத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொத்த மாற்றம் பூஜ்யம் என்றால் என்ன பொருள்? −10 டிகிரியில் நீரும் பனிக்கட்டியும் சமநிலையில் இருக்கின்றன என்று பொருள். உறைவதற்கும் உருகுவதற்கும் எந்தப் பக்கமும் சாய்வில்லை என்று பொருள். அப்பட்டமான அபத்தம். அப்புறம்தான் பொறி தட்டியது: இந்தத் தவறைச் செய்கிறவருக்கு எந்தக் கணக்கிலும் பூஜ்யம்தான் வரும். நிஜ வெப்பத்தை எடுத்துச் சூழலின் வெப்பநிலையால் வகுத்தால், சூழலுக்கு எழுதிய எண்ணையே குறியை மாற்றி அமைப்புக்கும் எழுதுகிறோம், வேறொன்றும் செய்யவில்லை. கூட்டினால் பூஜ்யம் வராமல் என்ன வரும்? தண்ணீரைச் சூடாக்கும் கணக்கில் இப்படிச் செய்திருந்தால் +711.2, −711.2, பூஜ்யம். கட்டற்ற விரிவில் செய்தால் சூழலுக்குப் பூஜ்யம், அதன் நகலும் பூஜ்யம், மொத்தமும் பூஜ்யம். வகுப்பில் தவறாமல் எழும் "சைபரை எதால வகுத்தாலும் சைபர்தானே" இதே தவறின் இன்னொரு முகம். இந்த வழியில் போனால் உலகத்தில் தானாக நடப்பதும் தானாக நடக்காததும் கணக்கில் ஒன்றாகிவிடும். தானாக நடக்கும் எதிலும் மொத்த என்ட்ரோபி கூடும் என்று இரண்டாம் விதி சொல்ல வந்த சேதியே காணாமல் போய்விடும்.

ஆக, நடக்காத பாதையில் ஏன் கணக்கு எழுதுகிறோம்? அமைப்பின் கணக்கைச் சூழலைப் பார்த்துக் காப்பியடிக்காமல் தனியாக எழுத வேண்டியிருப்பதால்தான். அதன் இரண்டு முனைகளைத் தவிர நிஜ நிகழ்வின் எந்தத் தடயமும் அந்தக் கணக்கில் நுழையக் கூடாது. பனிக்கட்டிக்கு அதைச் செய்து பார்ப்போம். முதலில் நீரைத் திரவமாகவே −10-லிருந்து 0-க்குச் சூடாக்கு: +2.81. 0 டிகிரியில் உறையவிடு, அங்கே உறைதல் மீள் நிகழ்வு: −22.00. பிறகு பனிக்கட்டியை −10-க்குக் குளிர்வி: −1.41. மொத்தம் −20.60. தொட்டிக்கு +21.41. இரண்டையும் கூட்டினால் கெல்வினுக்கு 0.81 ஜூல். சின்ன எண்தான், ஆனால் நீர் ஏன் உறைகிறது என்பதற்கான காரணம் முழுவதும் அந்தச் சின்ன எண்ணில் இருக்கிறது. 0 டிகிரியை நெருங்க நெருங்க அது இன்னும் சிறிதாகி, 0-இல் மறைந்துவிடும்.

போகிற போக்கில் ஒன்று. என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை, அது கூடிக்கொண்டே போகும் என்று மட்டும் படித்துவிட்டு வருகிறவர்கள் இந்தக் கணக்கில்தான் தடுமாறுவார்கள். உறைந்த நீரின் என்ட்ரோபி குறைகிறது, ஆனால் அது தானாகவே நடக்கிறது. அமைப்புக்கும் சூழலுக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதிப் பழகியவருக்கு இதில் குழப்பம் வராது. ஒழுங்கின்மை பற்றிய பேச்சை அறிமுகத்தில் தவிர்த்துவிட்டு, எண்கள் கைக்கு வந்த பிறகு பேசினால் போதும் என்பது என் கட்சி. 1865-இல் இந்த அளவைக்குப் பெயர் வைத்த ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் கூட வெப்பத்தையும் வெப்பநிலையையும் வைத்துத்தான் அதைக் கட்டினார். மூலக்கூறுகள் எத்தனை விதமாக அடுக்கப்படலாம் என்ற எண்ணிக்கை அதற்குப் பின்னால் வந்தது.

நடந்தே பார்த்தவர்கள்

மீள் பாதை வெறும் காகிதச் சங்கதி இல்லை என்பதற்கு அட்டவணைகளே போதும். பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பொருள்களின் திட்ட என்ட்ரோபி மதிப்புகள் வரிசையாக இருக்குமே, அவற்றில் பலவும் ஆய்வகத்தில் ஏறத்தாழ அந்தப் பாதையிலேயே நடந்து அளந்தவை. பொருளைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு (0 கெல்வினுக்கு) முடிந்த அளவு பக்கத்தில் கொண்டுபோய், ஒரு துளி மின்வெப்பம் கொடுத்து, அடங்கும்வரை காத்திருந்து, வெப்பநிலை எவ்வளவு ஏறியது என்று குறித்து, மறுபடி ஒரு துளி. என் காகிதத்தில் எட்டுப் படி என்றால் அங்கே மேலும் பல படிகள். தாழ் வெப்பநிலைகளில் இந்த வேலைக்காகவே 1949-இல் வில்லியம் ஜியாக் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

அவரும் உடன் ஆய்வு செய்த ஸ்டவுட்டும் 1936-இல் பனிக்கட்டியை 15 கெல்வினிலிருந்து இப்படி அளந்துகொண்டு வந்தார்கள். அதற்குக் கீழே உள்ள சிறு பகுதியைக் கோட்பாட்டைக் கொண்டு நீட்டி, உருகுதலையும் ஆவியாதலையும் சேர்த்து, 25 டிகிரி நீராவிக்கு வந்தபோது கிடைத்தது மோலுக்கு, கெல்வினுக்கு 185.3 ஜூல். நீராவி மூலக்கூறின் நிறமாலையிலிருந்து தனியாகக் கணக்கிட்டால் 188.7. எவ்வளவு பொறுமையாக நடந்தாலும் 3.4 குறைகிறது. பாதையில் தப்பில்லை, புறப்பட்ட இடத்தில்தான் சங்கதி. பனிக்கட்டிக்குள் ஒவ்வொரு ஆக்சிஜனைச் சுற்றியும் நான்கு பிணைப்புகள். அவற்றில் இரண்டில் ஹைட்ரஜன் அதற்கு அருகில், மற்ற இரண்டில் எட்டத்தில். எந்த இரண்டு என்பது ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு விதமாக அமையலாம். குளிரும்போது இந்த அடுக்கு ஒரே ஒழுங்குக்கு வருவதற்குள் ஹைட்ரஜன்கள் இருந்த இடத்திலேயே உறைந்து நின்றுவிடுகின்றன. 15 கெல்வினில் பனிக்கட்டி தூங்குகிற மாதிரி தெரிந்தாலும் அதன் என்ட்ரோபி பூஜ்யத்துக்கு இறங்கியிருக்காது. எத்தனை அடுக்குகள் சாத்தியம் என்று வேதியியலாளர் பாலிங் 1935-லேயே எண்ணிப் பார்த்திருந்தார்: மூலக்கூறுக்கு ஒன்றரை. ஒன்றரையின் இயல் மடக்கையை 8.314-ஆல் பெருக்கினால் 3.37.

நிறைய அட்டவணைகளில் நீராவிக்கு 188.8, திரவ நீருக்கு 69.9 என்று இருக்கும். வெப்பத்தை அளந்து பிடிக்க முடியாத அந்த 3.4, இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது. நீருக்கும் நீராவிக்கும் இடையில் கழித்தல் போடும்போது அது அடிபட்டுப் போய்விடும், கணக்குப் போடுகிறவர் கவனிக்க வேண்டிய அவசியமே வராது. கழித்தலின் ஒரு முனையில் 15 கெல்வின் பனிக்கட்டியை வைத்தால் மட்டும் அதையும் எழுதியாக வேண்டும்.